இடப்பக்க அடுக்கில் நடந்த அற்புதம்

வாருங்கள், வந்து பாருங்கள்! பேசத் தெரியாத ஒரு சுண்டெலியின் பெயரால் பொய் ஒன்று மேடையேறப் போகிறது. சான் மத்தியாஸ் நகரின் கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் பதாகை கட்டியாகிவிட்டது. பதாகையில் ஒரு வெள்ளைச் சுண்டெலி பல் தெரியப் புன்னகைத்தபடி ஓடுகிறது. எலி புன்னகைக்குமா என்று கேட்காதீர்கள்; விளம்பரத்தில் எல்லாமே புன்னகைக்கும். அதன் கீழே கொட்டை எழுத்தில், "நடுங்கிய எலி நடந்தது! நாளை நீங்களும் நடப்பீர்கள்!" என்றொரு வாக்குறுதி. வருகிற வெள்ளிக்கிழமை நானூறு முதியவர்கள் அங்கே கூடுவார்கள். கை நடுங்குபவர், கால் இழுப்பவர், கட்டிய மனைவியைப் பார்த்து யாரம்மா நீ என்று கேட்பவர் என்று அத்தனை பேர் கையிலும் நொச்சிச் சாற்றுக் குளிகைப் புட்டி ஒன்று வைக்கப்படும். அந்த எலி ஏன் நடந்தது என்ற உண்மை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதற்குக் காரணமானவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் எலிக்கூண்டு கழுவுகிறவள்.

பெயர் பெலிசிமா. ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தில் காவலாளி முதல் ஆராய்ச்சியாளர் வரை அவளை அழைப்பது ஆதே சிமா என்று. அதாவது, சிமா அக்கா. வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது ஆண்டுகளாக எலிகளுக்குத் தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, மரத்தூள் பரப்பி, பிறப்பும் இறப்பும் பதிவு செய்தவள். ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள், பட்டம் வாங்கினார்கள், போனார்கள். எலிகளும் அவளும் இருந்தார்கள்.

இந்த முறை வந்த எலிகள் பிறவியிலேயே ஒரு குறை உடையவை. அதை அவளுக்கு விளக்கியவள் ஜோவலின் என்ற இளம் ஆராய்ச்சியாளர். சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் எடுப்பது ஜோவலினுக்கு வழக்கம்.

"ஆதே, செலீனியம்னு ஒரு சத்து. உடம்புக்குத் துளிதான் வேணும், ஆனா அந்தத் துளி இல்லாம மூளை பிழைக்காது. கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்யுது. அதைப் படகுன்னு வெச்சுக்கோங்க. செலீனியத்தை அதுல ஏத்தி, ரத்தத்துல விட்டு, மூளைக்கு அனுப்பி வைக்குது. நம்ம எலிக்கு அந்தப் படகு கட்டவே தெரியாது."

"ஐயோ பாவம். அப்புறம்?"

"அப்புறம் என்ன? தீனியிலயும் செலீனியத்தைக் குறைச்சிட்டா மூளை காய ஆரம்பிக்கும். மூணு நாலு வாரத்துல நடுக்கம், தள்ளாட்டம். நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு வர்ற மாதிரியே."

"பெரியவங்களுக்கும் இதாலதான் வருதா?"

"அங்கதான் சிக்கல். மறதி நோயில செத்தவங்க மூளையில, அழுக்குக் கட்டிகளைச் சுத்தி இந்தப் புரதம் நிக்கிறதைப் பார்த்திருக்காங்க. காப்பாத்த வந்து நிக்குதா, வந்த இடத்துல மாட்டிக்கிச்சா, யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி யாராச்சும் பேசினா நம்பாதீங்க. உங்க மீனை இப்படித் தள்ளுங்க."

ஆய்வுத் திட்டம் எளிமையானது. படகில்லா எலிகள் இருபத்துநான்கு. எல்லாவற்றுக்கும் செலீனியம் குறைந்த தீனி. சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து, சுவையின்றி, மணமின்றி இருக்கும் தீனி. இடப்பக்க அடுக்கில் இருந்த பன்னிரண்டுக்கு நாள்தோறும் நொச்சி இலைச் சாறு. வலப்பக்கத்துப் பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர். துளிக்குழலால் வாயில் விடுவது சிமாவின் வேலை. திங்கள்தோறும் ஜோவலின் வந்து, சுழலும் உருளையின் மேல் எலிகளை ஏற்றிவிட்டு, எது எத்தனை நொடியில் விழுகிறது என்று குறித்துக்கொள்வாள். நொச்சி நரம்பைக் காக்கும் என்பது கூடத்தின் தலைவர் டாக்டர் வெனான்சியோவின் நம்பிக்கை.

ஏழாவது வாரம் அற்புதம் நிகழ்ந்தது. வலப்பக்கத்து எலிகள் உருளையில் கால் வைத்ததும் விழுந்தன. இடப்பக்கத்து எலிகளோ ஜீப்னி வண்டியின் பின்படியில் தொற்றிக்கொண்டு போகும் கல்லூரி மாணவர்களைப் போல உற்சாகமாக ஓடின. டாக்டர் வெனான்சியோ கை தட்டினார். மேயரம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். குளிகை செய்யும் நிறுவனம் ஒன்று மறுநாளே வந்து அவருக்குக் கை குலுக்கியது. மனிதர் ஒருவருக்கும் கொடுத்துப் பார்க்காத சாறு, பன்னிரண்டு எலிகளின் சான்றிதழோடு புட்டிக்குள் புகுந்தது.

சிமாவுக்கும் மகிழ்ச்சிதான். அவள் குயா என்று அழைக்கும் அண்ணன் தெமியோங்கின், முப்பது ஆண்டுகள் ஜீப்னி ஓட்டிய கைகள் இப்போது சும்மா இருக்கும்போதும் ஆடிக்கொண்டிருந்தன. முதியவர் பட்டியலில் முதல் பெயராக அவர் பெயரை எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

"குயா, காப்பியில சர்க்கரை போட்டிருக்கேன். கலக்கித் தரட்டுமா?"

"எதுக்கு? என் கையில குடு. தானா கலங்கிடும்."

அவர் சிரித்தார். கோப்பையிலிருந்து பாதிக் காப்பி மேசைக்குப் போயிற்று. சிமா துடைத்தாள். ரொட்டியைக் காப்பியில் தோய்த்து அவர் வாயருகே கொண்டுபோனபோது அண்ணன் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"என்னை எலின்னு நெனச்சியா? வெள்ளிக்கிழமை வரட்டும். உன் எலி மருந்தைப் போட்டுக்கிட்டு நானே ஜீப்னி ஓட்டி உன்னை வேலையில கொண்டுவிடுறேன்."

"மாத்திரையை முழுங்கிட்டு அப்புறம் ஓட்டுங்க ராசா."

அன்று மதியம் ஜோவலின் ஒரு தாளோடு வந்தாள். இரு அடுக்கு எலிகளின் இரத்தமும் மணிலாவுக்குப் போய்ச் சோதனை முடிந்து வந்திருந்தது. முகத்தில் கலக்கம்.

"ஆதே, இது சரியா வரல. இடப்பக்கத்து எலிங்க ரத்தத்துல செலீனியம் ரெண்டு மடங்கு இருக்கு. தீனியில இல்ல. நொச்சியில இருக்கான்னு பார்த்தேன், அதுலயும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. தண்ணி ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி. எங்கேருந்து வந்துச்சு? காத்துலயா?"

"செலீனியம் எதுலதான் இருக்கும்?"

"நிறைய இருக்கு. கொட்டையில, முட்டையில... கடல் மீன்லதான் ஏராளம்."

சிமாவின் விரல்களுக்கிடையில் காடியில் தோய்த்த நெத்திலிக் கருவாடு ஒன்று இருந்தது. அது வாய்க்குப் போகவில்லை, பெட்டிக்கும் திரும்பவில்லை.

"ஜோவலின்... அந்தச் சாறு ரொம்பக் கசப்பும்மா."

"ஆமா, அதுக்கென்ன?"

"பிள்ளைக்குக் கசப்பு மருந்து குடுத்தா, அப்புறம் நாக்குல ஏதாவது வெப்போம்ல?"

ஜோவலின் மெதுவாகத் தலை நிமிர்த்தினாள். "ஆதே. என்ன வெச்சீங்க?"

"ஆளுக்கு ஒரு நெத்திலி."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு. அன்னைக்கு நான் மத்தியானமே கிளம்பிடுவேன்ல, பாவமா இருக்கும்."

"வலப்பக்கத்துக்கு?"

"அதுங்க தண்ணிதானே குடிச்சுச்சு! தண்ணி குடிச்சதுக்கெல்லாமா மீன் குடுப்பாங்க?"

ஜோவலின் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துச் சிமா முதுகைத் தடவினாள். சிரிப்பு அது. சிரித்து முடித்தபோது கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது.

"படகு இல்லாட்டியும், சரக்கு இவ்வளவு வந்து குவிஞ்சா கொஞ்சம் நீந்தியாவது மூளைக்குக் கரை சேரும் ஆதே. அதான் எலிங்க நடந்துச்சு. நொச்சி இல்ல. உங்க மதியச் சாப்பாடு."

அப்போதுதான் சிமாவுக்கு அது உறைத்தது. நானூறு புட்டிகள். பதாகை. பட்டியலின் முதல் பெயர்.

எலிக்கு வெளித்தீனி கொடுத்தால் வேலை போகும் என்ற விதி கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அந்தத் தாளின் தூசியைத் துடைத்தவளும் அவள்தான். ஆனாலும் அன்று மாலையே இருவரும் டாக்டர் வெனான்சியோவின் அறைக்குப் போனார்கள்.

"வா சிமா, எலிகளோட அம்மா! என்ன விஷயம்?"

சிமா சொன்னாள். கசப்பையும் சொன்னாள், கருவாட்டையும் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

கேட்டீர்களா? உண்மையைத் தேடுவதே தொழிலாகக் கொண்டவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நூறு உண்டு. எத்தனை மீன், எத்தனை நாள், எந்த எலி என்று கேட்டிருக்கலாம். அவர் வாயில் முதலில் வந்தது அந்த ஒன்றுதான்.

"எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தாங்க டாக்."

"நல்லது. நொச்சியும் கொஞ்சம் வேலை செஞ்சிருக்கலாம், இல்லையா?"

"செஞ்சிருக்கலாம் டாக்," என்றாள் ஜோவலின். "மீன் இல்லாம இன்னொரு தடவை செஞ்சு பார்த்திடலாம். மூணு மாசம் போதும்."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. மேயரம்மா வர்றாங்க, வாத்தியக் குழு வருது. அங்க போய் நெத்திலின்னு சொல்லச் சொல்றியா? இலைதானேம்மா. இதைச் சாப்பிட்டு யாரும் சாகப்போறதில்ல."

"என் அண்ணன் மாதிரி ஆளுங்க இதை நம்பி மாத்திரையை நிறுத்திடுவாங்களே டாக்."

"நிறுத்தச் சொல்லி நான் சொல்லவே இல்லையே?"

"நிறுத்தாதீங்கன்னும் நீங்க சொல்லலீங்களே."

டாக்டர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் கனிந்தது. அதட்டலைவிட அந்தக் கனிவுக்குத்தான் சிமா அஞ்சினாள்.

"சிமா, கதவுல ஒட்டியிருக்கிற விதி உனக்குத் தெரியும். உன்னை மாதிரி ஆளை நான் இழக்க விரும்பல. ஆகவே நீ எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. வெள்ளிக்கிழமை நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வா. மேடையில எலியை நீதான் உருளையில ஏத்தணும்."

வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் சொன்னாள். தெமியோங் நம்பவில்லை.

"மேயரம்மா பொய், டாக்டர் பொய், இவ்வளவு பெரிய பதாகை பொய். கருவாடு தின்ன எலி மட்டும் மெய்யா? சும்மா இரு சிமாங், நல்ல காரியத்துல தும்மாதே."

"மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க குயா. உங்க கால்ல விழுறேன்."

"காலையிலயே நிறுத்திட்டேன். உடம்பு சுத்தமா இருந்தாத்தான் புது மருந்து பிடிக்குமாம். பக்கத்து வீட்டு நெனெத் சொன்னா. அவ புருஷனும் நிறுத்திட்டான்."

வியாழக்கிழமைக்குள் தெமியோங்கின் நடுக்கத்தோடு விறைப்பும் சேர்ந்துகொண்டது. நாற்காலியிலிருந்து எழ இருவர் வேண்டியிருந்தது. அப்போதும் அவர் சொன்னார்: "இன்னும் ஒரு நாள்தானே." அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோதுதான் சிமாவின் நெஞ்சில் எடைபோட்டுக்கொண்டிருந்த தராசு நின்றது. வேலையா, அண்ணனா என்ற கேள்விகூட அல்ல அது. அண்ணனோடு, பக்கத்து வீட்டு நெனெத்தின் கணவன், இன்னும் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர். அந்தப் பட்டியலில் எத்தனை மாத்திரைகள் இன்று காலை விழுங்கப்படாமல் கிடந்தனவோ!

வெள்ளிக்கிழமை வந்தது. திடலில் வாத்தியம் முழங்கிற்று. காகிதத் தட்டில் இனிப்பான சேமியா வறுவல் கை மாறிற்று. மேயரம்மா மஞ்சள் உடையில் வந்து எல்லாரையும் கட்டிப்பிடித்தார். முன்வரிசையில் தெமியோங், மடியில் புட்டி, பலகை போல விறைத்த தோள்கள். டாக்டர் வெனான்சியோ அரை மணி நேரம் பேசினார். இயற்கை என்றார், முன்னோர் என்றார், நம் மண் என்றார். எலி எதைத் தின்றது என்பதைத் தவிர எல்லாம் சொன்னார்.

"இப்போ, எலிகளோட அம்மா! ஆதே சிமா!"

கைதட்டல். சிமா மேடையேறினாள். எலியைக் கையில் எடுத்தாள். உருளை சுழன்றது, எலி ஓடிற்று, கூட்டம் ஆர்ப்பரித்தது. டாக்டர் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார்.

"உங்க பிள்ளைங்க ஏன் இப்படி ஓடுதுன்னு எல்லாருக்கும் சொல்லுங்க ஆதே!"

மேடையில் பேசுவது எப்படி என்று சிமாவுக்குத் தெரியாது. தெரியாதது நல்லதாயிற்று.

"கருவாடுங்க."

திடலில் சிரிப்பு அலையாக எழுந்தது. டாக்டரும் சிரித்தபடி ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். சிமா இரு கைகளாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. நான் விளையாடல. அந்தச் சாறு கசப்பா இருக்கேன்னு, நான்தான் என் சாப்பாட்டுலேருந்து ஆளுக்கொரு நெத்திலி குடுத்தேன். நொச்சி குடிச்ச எலிக்கு மட்டும் குடுத்தேன். அதான் அது நடக்குது. தப்பு என்னுது. நான் செஞ்ச தப்பை இவங்க புட்டியில அடைச்சு உங்ககிட்ட குடுக்குறாங்க. டாக்டர்கிட்ட திங்கக்கிழமையே சொன்னேன். குயா! மாத்திரையை எடுங்க! மாத்திரையை நிறுத்தின அத்தனை பேரும் இன்னைக்கே உங்க டாக்டரைப் பாருங்க!"

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். "அப்போ நாங்க கருவாடு தின்னா சரியாயிடுமா?"

"சந்தைக்குப் போங்கடா!" என்று இன்னொருவர் கத்தினார். நாலைந்து பேர் உண்மையிலேயே எழுந்துவிட்டார்கள்.

ஜோவலின் மேடைமேல் தாவினாள். "உக்காருங்க தாத்தா! ஒரு பொய் போனா உடனே இன்னொன்னா? அந்த எலிங்க பிறவியிலயே குறையோட பிறந்ததுங்க, தீனியிலயும் நாங்க வேணும்னே சத்தைக் குறைச்சோம். நீங்க பிறந்ததுலேருந்து மீன்தான் தின்றீங்க, உங்களுக்கு அந்தக் குறை இல்ல. அளவு மீறினா அதே சத்து விஷம். முடி கொட்டும், நகம் கழண்டு போகும்."

"முடி ஏற்கெனவே கொட்டிடுச்சும்மா!"

"அப்போ நகத்தையாச்சும் காப்பாத்திக்கோங்க!"

சிரிப்பு மறுபடி எழுந்தது. இம்முறை அதன் திசை மாறியிருந்தது. மேயரம்மா டாக்டரைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "டாக், திங்கக்கிழமை இவ உங்ககிட்ட சொன்னாளா, இல்லையா?" டாக்டர் வெனான்சியோ, ஆய்வுகள் தொடர்கின்றன என்றார். நானூறு முதியவர்கள் இருந்த திடலில் அந்த விடையின் பொருள் புரியாத ஒருவரும் இருக்கவில்லை.

சிமா மேடையிலிருந்து இறங்கி அண்ணன் முன் மண்டியிட்டாள். தெமியோங் மடியிலிருந்த புட்டியைப் பார்த்தபடியே பேசினார்.

"இத்தனை பேர் முன்னால என்னை எலியாக்கிட்டியே சிமாங்."

"ஆமா குயா."

"மாத்திரை கொண்டுவந்திருக்கியா?"

அவள் பையில் இருந்தது. தண்ணீர் குவளையைப் பிடித்துக்கொண்டாள், அவர் விழுங்கினார். மூன்றாம் நாள் விறைப்பு குறைந்தது. நடுக்கம் இருந்தது, அதற்கு எவரிடமும் அற்புதம் இல்லை. காப்பியில் பாதி மேசைக்குத்தான் போயிற்று.

திங்களன்று சிமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. "அனுமதியின்றி ஆய்வு விலங்குகளுக்கு வெளி உணவு அளித்தமைக்காகப் பணி நீக்கம்." விதி விதிதான், அவள் மறுக்கவில்லை. ஆனால் பொய்யை அறிந்தும் புட்டியில் அடைத்தவருக்குக் கடிதம் வரவில்லை. அவர் அடுத்த நகரத்தில், வேறொரு கூடைப்பந்துத் திடலில், வேறொரு மேயரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நெத்திலி கொடுத்தவளைத் தண்டிக்க ஒரு விதி இருக்கிறது, நம்பியவரை ஏமாற்றியவரைத் தண்டிக்க ஒரு விதி இல்லை என்றால், அந்த விதியை எழுதிய கைகளை நாம் கேள்வி கேட்க வேண்டாமா?

மறதிக்கும் நடுக்கத்துக்கும் மருந்து தேடுவோர் உலகெங்கும் நேர்மையாக உழைக்கிறார்கள். செலீனியம் சுமக்கும் அந்தச் சிறு புரதத்தின் புதிரை இரவு பகலாக அவிழ்க்கிறார்கள். அவர்களை வாழ்த்துங்கள். ஆனால் உங்கள் தந்தையின் கையில் ஒரு புட்டியைத் திணிக்க எவர் வந்தாலும், எந்த மேடையில் வந்தாலும், எழுந்து நில்லுங்கள். எத்தனை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை எவர் பேச்சுக்கும் நிறுத்தாதீர்கள். பட்டம் பெற்றவரை மட்டும் விசாரித்துத் திரும்பிவிடாதீர்கள். கூண்டு கழுவுகிறவரை அழைத்து வாருங்கள், ஒலிவாங்கியை அவர் கையில் கொடுங்கள், அவர் பேசி முடிக்கும்வரை எவரையும் அதைப் பறிக்க விடாதீர்கள்!